வானை இயக்கியவர்கள் – 17: பொய் சொல்லாத தூதர்

1127-ல் ஜுர்சென் படை சீனாவின் சொங் அரசின் தலைநகரான கைஃபெங்கைப் பிடித்தபோது, சூ சொங் என்ற அரச அதிகாரி எழுப்பிய, நீரால் ஓடும் கடிகாரக் கோபுரம் என்ன ஆயிற்று என்பதை இந்த வாரம் சொல்கிறேன். அந்த இழப்பின் கனம் புரிய வேண்டுமானால் ஐம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். நேராக 1077-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு வடக்கே லியாவோ பேரரசுக்கு சொங் அரசின் தூதராகப் போனார் சூ சொங். அங்கே இருக்கும்போது, சூரியன் தெற்குக் கோடியைத் தொட்டுத் திரும்பும் நாள் வந்தது. சொங் நாட்காட்டியும் லியாவோ நாட்காட்டியும் அதில் ஒரு நாள் வேறுபட்டன. எது சரி என்று லியாவோ அதிகாரிகள் கேட்டார்கள். நம் ஊர் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள சண்டை போன்றதல்ல இது. நாட்காட்டி வெளியிடுவது வானம் பேரரசனுக்குக் கொடுத்த உரிமை என்று கருதிய நாடு அது. நாள் தவறினால் அரியணையின் மானம் போகும்.

சூ சொங்குக்கு வானியல் தெரியும். தன் நாட்டுக் கணக்குதான் பிசகு என்பதும் தெரியும். ஆனாலும் தடுமாறவில்லை. கணக்கு முறைகளில் சில நாழிகை வித்தியாசம் வருவது இயல்பு, அது நள்ளிரவைத் தாண்டிவிட்டால் நாளே மாறிவிடும், அவரவர் நாட்காட்டிப்படி கொண்டாடலாம் என்றார். கேட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் பேரரசர் ஷென்சொங் அதே கேள்வியைக் கேட்டார். அவரிடம் மழுப்பவில்லை, லியாவோ கணக்கே சரி என்று சொல்லிவிட்டார். வானியல் அதிகாரிகளுக்குத் தண்டம் விழுந்தது. சொங் நாட்டில் தனியார் வானியல் கற்பதற்கே தடை இருந்தது. படிக்க வேண்டியவர்களை அடைத்து வைத்துவிட்டு, படிப்பைப் பதவியாக்கிக்கொண்ட அந்த அதிகாரிகள்மேல் எனக்கு இரக்கமே இல்லை.

1086-ல் புதிய வானியல் கருவி செய்யும் பொறுப்பு சூ சொங்கிடம் வந்தபோது அவர் தேடிப்பிடித்த ஆள் ஹான் கொங்லியன் என்ற சிறு எழுத்தர். கணிதத்தில் புலி. பெரிய பதவிக்காரர் ஒருவர் கீழ்மட்ட ஊழியரின் மூளையை மதித்து, அவர் பெயரையும் எழுதி வைத்தார் என்பதே என் கண்ணில் பெரிய விஷயம். 1088-ல் மர மாதிரி தயாரானது. பிறகு வெண்கலம் வார்த்தார்கள்.

ஏறத்தாழ 12 மீட்டர் உயரக் கோபுரம். உச்சியில் வானை நோக்கும் வளையக் கருவி, நடு அறையில் விண்மீன்கள் பதித்த கோளம், கீழே ஐந்து அடுக்கு மாடத்தில் மணியடிக்கும் மரப்பொம்மைகள். உள்ளே இருந்த சக்கரம்தான் உயிர். அதன் விளிம்பில் 36 அகப்பைகள். ஓர் அகப்பையில் நீர் விழுந்துகொண்டே இருக்கும். சக்கரம் அசையாது, கொக்கி பிடித்திருக்கும். போதிய கனம் சேர்ந்ததும் அகப்பை சாய்ந்து நெம்புகோலைத் தட்டும். சங்கிலி இழுக்க அந்தக் கொக்கி மேலே எழும். சக்கரம் ஓர் அகப்பை தூரம் நகரும். கொக்கி உடனே விழுந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆய்வாளர் கணக்குப்படி இதற்கு 24 விநாடி. முழுச் சுற்றுக்கு 14 நிமிடம் 24 விநாடி. சீனர்கள் ஒரு நாளை நூறு கூறாக்கியதில் அது சரியாக ஒரு கூறு. ஓடும் நீரைத் துண்டு துண்டாக நிறுத்தி நேரமாக்கிய அந்தக் கொக்கியை எத்தனை முறை வரைபடத்தில் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

1094-க்குப் பின் அரசவையில் எதிரணியின் கை ஓங்கியது. முந்தைய ஆட்சிக் காலத்தில் எழுந்தது என்ற ஒரே குற்றத்துக்காகக் கோபுரத்தை இடிக்கப் பார்த்தார் அந்த அணியின் சாய் பியன். வேறு சிலர் தடுத்துக் காப்பாற்றினார்கள். சூ சொங் 1101-ல் காலமானார்.

உள்ளூர் வன்மத்துக்குத் தப்பிய கோபுரத்தை 1127-ல் ஜுர்சென்கள் பிரித்து, இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது பழையபடி ஓடவில்லை. தெற்கே தப்பிய சொங் அரசு இன்னொன்று செய்ய ஆசைப்பட்டு சூ சொங்கின் மகனைக் கேட்டது. தந்தை எழுதிய நூல் இருந்தது. அதைப் பார்த்துச் செய்ய அவராலும் முடியவில்லை.