டர்போ எஞ்சினும் அதன் வெப்பமும்

பெற்றோல் எஞ்சினிலே எரிபொருள் ஈனும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு கூறே வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் கழிந்துபோகின்றது. இவ்வாறு கழியும் புகையின் வலுவால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதே அச்சிற் பூட்டிய ஊதியினால் எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைப் புகுத்தலாம் என்னுங் கருத்துக்குச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை கோரினார். டர்போ என இன்று யாவரும் வழங்குவது இக்கருவியையே. இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அது பெருக்கிய பரிவலுவையே எண்ணிக் காட்டுவர். செஞ்சூடேறிய இரும்புக் கூடு ஒன்றைக் காரின் மூடிய அறைக்குள், இறப்பர்க் குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் அருகே வைத்து எவ்வாறு காப்பது என்ற வினாவோ அவ்வரலாற்றின் ஓரத்திலேயே கிடக்கின்றது. அவ்வினாவை நடுவே வைத்து நோக்கின், பொறியியலாளர் 60 ஆண்டுகளுக்கு மேலாகப் பட்ட பாடு வேறொரு கதையாகத் தோன்றும்.

டர்போ முதலிற் புகழ்பெற்றது சாலையிலன்று, வானிலேயாம். உயரே செல்லச் செல்லக் காற்று ஐதாகி எஞ்சின் வலுவிழக்கும். 1918இல் அமெரிக்கரான சான்போட் மொஸ், கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்திற்கு, 14,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திற்கு, லிபேட்டி எஞ்சின் ஒன்றைக் கொண்டுசென்று சோதித்தார். கீழே ஏறக்குறைய 350 பரிவலு தந்த அவ்வெஞ்சின், சிகரத்தில் டர்போ இன்றி 230 அளவே தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. 1920 பெப்ருவரியில் இக்கருவி பூட்டிய லெப்பேர் விமானம் 33,000 அடிக்கு மேலெழுந்தது. அவ்விமானத்தில் டர்போ எஞ்சினின் முன்புறத்தே, சுழல்விசிறியின் காற்று மோதுமிடத்தில் அமைந்திருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து லொக்கீட் லைற்னிங் விமானத்தில் அது வாலை ஏந்தும் இரு தண்டுகளின் மேற்புறத்தே வானை நோக்கித் திறந்து கிடந்தது. போயிங் நிறுவனத்தின் பறக்குங் கோட்டையிலோ எஞ்சின் கூடுகளின் கீழ்ப்புறத்தில் இருந்தது. விரைந்து வீசும் குளிர்காற்று வெப்பத்தை வாரிச் சென்றது. அக்காலத்தில் இச்சிக்கலைத் தீர்த்தது பாதி பொறியியல், பாதி வானம் எனலாம்.

1962இல் அக்கருவி பயணிகள் காருக்குள் இறங்கியபோது வானத்தின் துணை அற்றுப்போயிற்று. அவ்வாண்டு அமெரிக்காவில் ஒல்ட்ஸ்மொபீல் ஜெற்பயர், செவ்ரொலே கோவேயர் ஸ்பைடர் என்னும் இரு வகைகள் வெளிவந்தன. ஜெற்பயரின் அலுமினிய எஞ்சின் 215 பரிவலு உடையது. அமுக்கப்பட்ட காற்றுச் சூடேறி எரிபொருள் அடித்து வெடிக்காதிருக்க, நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை அதனுட் சொரிந்தனர். அத்திரவத்துக்கெனத் தனியே ஒரு கலம்; அதனை நிரப்பல் உடையவரின் கடமை. உடையவர் பலர் மறந்தனர். கலம் வெறுமையானதும் ஊதுவலு தானாகவே குறைக்கப்பட, காரை வாங்கியவர்கள் அதன் சிறப்பையே இழந்தனர். 1965இல் அந்நிறுவனம் விரும்பியோருக்கு டர்போவை அகற்றிச் சாதாரண கபுரேற்றரைப் பூட்டிக் கொடுத்தது. மனிதரின் நினைவாற்றலை நம்பி வெப்பத்தைக் கட்டுப்படுத்த முயன்றமைக்கு இஃது ஒரு நல்ல சான்று.

இனி, அறைக்குள் நிகழ்வதைச் சிறிது ஆராய்வாம். பெற்றோல் எஞ்சினின் புகை முழுச்சுமையில் 900 பாகை செல்சியசுக்கு மேலும் ஏறும். அவ்வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூவகையாலும் பரவும். இவற்றுட் பலரும் மறப்பது கதிர்வீசலையே. 1879இல் ஸ்ரெபான் கண்ட விதியின்படி, கதிர்வீசல் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப வளரும். தனிவெப்பநிலை 500 பாகையிலிருந்து 1,000 பாகையாகுமாயின், வெளிவீசும் வெப்பம் இருமடங்கன்று, 16 மடங்காகும். ஆகவேதான் டர்போவைத் தொடாது நிற்கும் கம்பியும் கருகுகின்றது. இதற்கு மருந்தாக இடையே மெல்லிய, ஒளிரும் உலோகத் தகடொன்றை, இருபுறமும் காற்றிடைவெளி விட்டு நிறுத்தினர். எளிய இத்தகடு செய்யும் பணி வியப்புக்குரியது. குழாயைச் சுற்றி வெப்பந்தாங்கும் நாடா கட்டுதல் மற்றொரு முறை. அது வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே அடக்குவதால் சுழலிக்கும் நன்மையுண்டு. ஆயின் குழாயின் உலோகம் முன்னிலும் சூடேறும், நாடா ஈரத்தைப் பிடித்துவைக்கும், மலிவான உருக்காயின் விரைவில் துருவேறி வெடிக்கும்.

1974இற் பாரிஸ் கண்காட்சியிற் போர்ஷே 911 டர்போ தோன்றிற்று. 1978ஆம் ஆண்டு வகையில், ஊதிய காற்றைக் குளிர்விக்கும் குளிராக்கியைப் பின்சிறகின் கீழே வைத்தனர். ஸ்வீடனின் சாப் 1977இற் காட்டிய 99 டர்போ, இக்கருவியை அன்றாடக் குடும்பக் காருக்கும் உரியதாக்கிற்று. அன்றாடப் பாவனை வந்ததும் புதியதொரு நோய் வெளிப்பட்டது. விரைந்தோடிய கார் நின்று, எஞ்சினும் நிறுத்தப்பட்டவுடன் எண்ணெயோட்டமும் நின்றுவிடும். சுழலிக் கூட்டின் வெப்பமோ அச்சின் வழியே தாங்கிகளை நோக்கி ஊரும். அங்கே தேங்கிய எண்ணெய் கரியாகிப் படிந்து, நாளடைவில் அச்சை அழிக்கும். நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிடுக என்று கைந்நூல்கள் அறிவுறுத்தின. ஜெற்பயரின் கலத்தைப் போலவே இதுவும் மறக்கப்பட்டது. 1980களில் தாங்கிக் கூட்டைச் சுற்றி நீர் ஓடும் உறை பரவலாயிற்று. எஞ்சின் நின்ற பின்னரும், சூடான நீர் தானே மேலெழக் குளிர்ந்த நீர் அவ்விடம் வந்து சேரும். நினைவை நம்பாத இவ்வேற்பாடு நிலைத்தது.

காற்றின் வழி இன்னொரு பிரச்சினை. 1987இல் வந்த பெராரி எஃப் 40 காரில், எஞ்சினின் மேலுள்ள ஒளிபுகும் மூடியிலேயே பிளவுகள் வெட்டி வெப்பத்தை வெளியேற்றினர். 1992இல் வந்த சுபாரு இம்பிறெசாவோ மூடியிலுள்ள வாயாற் காற்றை உள்ளே எடுத்து, எஞ்சினின் மேலிருக்கும் குளிராக்கிக்கு ஊட்டிற்று. கார் நிற்கும்போது அக்குளிராக்கியே எஞ்சினின் சூட்டை உறிஞ்சுவது அதன் குறை. தாமே துளை வெட்டுவோர் பலர் முன்கண்ணாடியின் அடியில் வெட்டுகின்றனர். ஓட்டத்தின்போது அவ்விடத்தில் அமுக்கம் கூடுதலாதலால், சூடான காற்று வெளியேறுவதற்கு மாறாக வெளிக்காற்றே உட்புகும். அமுக்கங் குறைந்த முன்பகுதியே அதற்கேற்ற இடம்.

2008இல் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம், இருவரிசை உருளைகளின் நடுப்பள்ளத்திலேயே டர்போக்களை வைத்த என் 63 எஞ்சினை வெளியிட்டது. புகைவழி குறுகியதால் டர்போ விரைந்து தொழிற்படும். ஆயின் செஞ்சூடு முழுவதும் எஞ்சினின் நடுவுச்சியில் வந்து குவிந்தது. 2014இல் ஐக்கிய அமெரிக்காவில் அந்நிறுவனமே இவ்வெஞ்சினுக்கெனத் தனிப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதன் குறைகள் யாவும் வெப்பத்தாலேயே விளைந்தன என்றல் மிகையாகும். வெப்பத்துக்கு அதிற் பங்கில்லை என்றலும் பொருந்தாது. அத்தகைய கார்களில் எஞ்சின் நின்ற பின்னரும் மின்பம்பியொன்று நீரை ஓட்டும், முன்விசிறியும் சில நிமிடம் சுழலும். புதிதாக வாங்கியோர் அவ்வொலியைக் கேட்டுப் பழுதென்று எண்ணி, மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற முற்படுவதுமுண்டு.