ஆடிட்டர் கேட்ட மரியாதை

1849-ல் அமெரிக்க செனட் ஜேம்ஸ் ஷீல்ட்ஸின் பதவியைப் பறித்த கதையை இந்த இதழில் சொல்ல வேண்டும். அதற்கு முன் 1842-ஐக் கடந்தாக வேண்டும். லிங்கனின் வாழ்க்கை வரலாறுகளில் ஷீல்ட்ஸ் பெரும்பாலும் அந்த ஓர் ஆண்டில்தான் தலைகாட்டுகிறார். அதுவும் ஒரு கிண்டலைத் தாங்க முடியாமல் சண்டைக்கு அழைத்த அயர்லாந்துக்காரராக. இந்தச் சித்திரம் அநியாயமானது. அந்த மோதலில் நியாயம் ஷீல்ட்ஸ் பக்கம் இருந்தது; வரம்பு மீறியவர் லிங்கன்.

1842 பிப்ரவரியில் இல்லினாய் ஸ்டேட் பாங்க் நொடித்தது; அதன் நோட்டுகள் மதிப்பிழந்தன. ஆகஸ்டில், அந்த நோட்டுகளை முகமதிப்புக்கு வரியாக வாங்கக் கூடாது என்று மாநில ஆடிட்டர் ஷீல்ட்ஸ் உத்தரவிட்டார். விவசாயியின் கையில் வேறு பணமே இல்லாதபோது இது கொடுமையில்லையா என்று கேட்கலாம். கொடுமைதான். ஆனால் விலைபோகாத நோட்டை அரசாங்கம் வாங்கிக்கொண்டால் கஜானாவில் நிரம்புவதும் அதுவே. மாநிலத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அதை வட்டியாக ஏற்பார்களா? உத்தரவு அவருடைய தனி முடிவும் அல்ல, ஆளுநரும் பொருளாளரும் சேர்ந்து எடுத்தது. ரயில்பாதைகளுக்கென்று அந்தக் கடனை இழுத்துவிட்ட 1837 சட்டத்தை நிறைவேற்றிய சட்டசபையில் ஷீல்ட்ஸும் இருந்தார், லிங்கனும் இருந்தார். லிங்கன் அதை முன்னின்று ஆதரித்தவர்.

ஆனாலும் இந்த வரி உத்தரவைத் தாக்கியவர் லிங்கன்; வரியோடும் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 'சங்கமோ ஜர்னல்' பத்திரிகையில் 'ரெபெக்கா' என்ற கிராமத்துப் பெண்ணின் பெயரில் கடிதம் எழுதி, ஷீல்ட்ஸைப் பொய்யர், முட்டாள் என்றார். பெண்கள் நடுவே அவர் நடந்துகொள்ளும் விதத்தை நையாண்டி செய்தார். அதே பத்திரிகையில் தொடர்ந்து வந்த பாட்டில் அவருடைய அயர்லாந்துப் பிறப்பும் இழுக்கப்பட்டது. காஸ்காஸ்கியாவில் பாடம் சொல்லிக்கொடுத்து, வக்கீலாகி, 1836-ல் சட்டசபைக்கு வந்த மனிதர் அவர். அவருக்கு முதலாக இருந்தது நல்ல பெயர் ஒன்றுதான். எழுதியவர் யார் என்று கேட்டார். வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார். நடக்காததால் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்குச் சவால் விட்டார். ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை லிங்கனுக்கு. 6 அடி 4 அங்குல உயரமும் நீண்ட கைகளும் கொண்ட அவர் கேட்டது குதிரைப்படையின் கனத்த வாள். நடுவில் ஒரு பலகை, அதை இருவரும் தாண்டக் கூடாது. எட்டிப் பிடிக்க முடியாத எதிராளியோடு மோதத்தான் செப்டம்பர் 22 அன்று ஷீல்ட்ஸ் ஆல்டனுக்கு எதிரே மிசூரிப் பக்கத் தீவுக்குப் போனார்.

நண்பர்கள் குறுக்கே வந்து தடுத்தார்கள். அரசியலுக்காக எழுதியதே தவிர, ஷீல்ட்ஸின் தனிப்பட்ட நற்பெயரைக் கெடுக்கும் எண்ணம் இல்லை என்று லிங்கன் தரப்பு எழுதிக் கொடுத்தது. ஷீல்ட்ஸ் கேட்டது இதைத்தானே! பிற்காலத்தில் இந்தப் பேச்சை எடுப்பதையே லிங்கன் விரும்பவில்லை. 1861-ல் அதே ஷீல்ட்ஸைப் பிரிகேடியர் ஜெனரலாக நியமித்ததும் அவர்தான். கோமாளி ஒருவரிடம் படையை ஒப்படைப்பாரா?

ஷீல்ட்ஸ் முன்கோபி என்பதை மறுக்க முடியாது. 1849-ல் செனட் தேர்தலில் தாம் தோற்கடித்த சிட்னி பிரீஸ் குடியுரிமை விஷயத்தைக் கிளப்பிவிட்டார் என்று நினைத்து அவரை மிரட்டி எழுதிய கடிதத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அவர் பதவி போனது கோபத்தால் அல்ல, தேதியால். குடியுரிமை பெற்றது 1840 அக்டோபர். செனட்டருக்கு ஒன்பது ஆண்டுகள் வேண்டும். மார்ச்சில் சில மாதங்கள் குறைந்தன. தேர்தல் செல்லாது என்றது செனட். ஒன்பது ஆண்டுகள் நிறைந்ததும் இல்லினாய் சட்டசபை மறுபடியும் ஷீல்ட்ஸையே தேர்ந்தெடுத்து அனுப்பியது.