எல்சாவுக்கு நார்வேயில் என்ன வேலை?

ஃப்ளோரிடாவின் எப்காட் பூங்காவில், ஓர் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. மெக்சிகோவில் ஆரம்பித்துக் கனடாவில் முடிக்கலாம். கால் கடுக்கும், பாஸ்போர்ட் வேண்டாம். வரிசையில் இரண்டாவது நாடு நார்வே. கோல் என்ற ஊரின் இடைக்கால மரத் தேவாலயத்தைப் பார்த்துக் கட்டிய ஒரு நகல் அங்கே நிற்கிறது. 1988இல் இந்த அரங்கில் 'மேல்ஸ்ட்ராம்' என்ற படகுச் சவாரி தொடங்கியது. வைக்கிங்குகள், மூன்று தலைப் பூதம், பனிக்கரடிகள், வடகடலின் எண்ணெய்க் கிணற்று மேடை எல்லாவற்றையும் சில நிமிடங்களில் தாண்டி, நார்வே பற்றிய ஒரு குறும்படத்தில் போய் முடியும். 2014 அக்டோபரில் அதை மூடினார்கள். 2016 ஜூனில் அதே கால்வாயில், அதே படகுப் பாதையில், 'ஃப்ரோசன்' படத்தின் எல்சாவும் ஆனாவும் வந்து சேர்ந்தார்கள். நார்வே இருந்த இடத்தில் இப்போது அரெண்டெல் என்ற இல்லாத நாடு.

பூங்கா ரசிகர்களில் ஒரு பிரிவு இன்னும் இதை மன்னிக்கவில்லை. "நாட்டைக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போய் கார்ட்டூனைக் காட்டறாங்களே, இது என்னங்க நியாயம்?" என்பது அவர்கள் வழக்கு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பூங்காக்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, கேள்வியையே கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதாபாத்திரம் நிலத்துக்குப் பொருந்துகிறதா என்று கேட்கும்போது, அந்த நிலம் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

அது தொலைக்காட்சியிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955 ஜூலை 17. அதற்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 1954 அக்டோபர் 27 அன்று, 'டிஸ்னிலேண்ட்' என்ற வாராந்தரத் தொடர் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிவிட்டது. பூங்கா கட்டப் பணம் வேண்டியிருந்தது. ஏபிசிக்கு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் 5 லட்சம் டாலர் போட்டு, கடனுக்கும் உத்தரவாதம் தந்து, பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. தொடர் நான்கு பிரிவுகளாக வந்தது: ஃபேண்டஸிலேண்ட், ஃப்ரண்டியர்லேண்ட், அட்வெஞ்சர்லேண்ட், டுமாரோலேண்ட். பூங்காவில் இருந்ததும் இதே நான்கு நிலங்கள், கூடவே நுழைவாயிலில் ஒரு பழைய அமெரிக்கக் கடைத்தெரு. மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே மக்கள் இந்த நிலங்களை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள்.

ஃப்ரண்டியர்லேண்டைப் பிரபலப்படுத்தியது அந்தத் தொடரில் வந்த டேவி க்ராக்கெட். அவராக நடித்த ஃபெஸ் பார்க்கர் திறப்பு விழாவுக்கே வந்திருந்தார். அட்வெஞ்சர்லேண்டின் பின்னால் டிஸ்னியின் இயற்கை ஆவணப்படங்கள் இருந்தன. நடுவில் நிற்கும் 'ஸ்லீப்பிங் பியூட்டி' கோட்டை 1955இல் எழுந்தது. அந்தப் படம் வெளிவந்ததோ 1959இல். அதாவது, நான்கு ஆண்டுகள் முன்கூட்டியே வைத்த விளம்பரப் பலகை. ஆதியில் நிலம் சுத்தமாக இருந்தது, பிறகு கதாபாத்திரங்கள் வந்து கெடுத்தன என்ற கதை வரலாற்றில் நிற்காது.

பொருத்தம் என்பதையும் அவர்கள் அப்படியொன்றும் புனிதமாகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 1974இல் டுமாரோலேண்டில் 'அமெரிக்கா சிங்ஸ்' என்று ஒரு காட்சி வந்தது. நாளைய உலகத்தில் என்ன நடந்தது? வாத்தும் நரியும் தவளையும் மேடையேறி அந்தக் காலத்து அமெரிக்கப் பாடல்களைப் பாடின. 1988இல் அதை மூடிவிட்டு, அந்த இயந்திர விலங்குகளில் பெரும்பகுதியை மூட்டை கட்டி, பூங்காவின் இன்னொரு மூலையில் கட்டிக்கொண்டிருந்த 'ஸ்ப்ளாஷ் மௌண்டன்' சவாரிக்குக் கொண்டுபோனார்கள். நேற்று வரை நாளைய உலகத்தில் பாடிய வாத்து, மறுவருடம் தென்மாநிலச் சதுப்புநிலத்தில் பாடியது. 1987இல் அதே டுமாரோலேண்டுக்கு 'ஸ்டார் வார்ஸ்' சவாரி வந்தது. வெகு காலத்துக்கு முன் நடந்ததாகச் சொல்லித் தொடங்கும் கதை, நாளைய நிலத்தில்! யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை, வரிசையில்தான் நின்றார்கள்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமா? இல்லை. இங்கே தொல்காப்பியத்தின் திணைமயக்கம் எனக்கு உதவுகிறது. ஒரு நிலத்தின் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வரலாம், குற்றமில்லை. உரிப்பொருள் மட்டும் மயங்கக் கூடாது. பூங்கா நிலங்களுக்கும் ஓர் உரிப்பொருள் உண்டு. அட்வெஞ்சர்லேண்டுக்கு அது தெரியாத பாதையில் போகும் கிளர்ச்சி. டுமாரோலேண்டுக்கு வரப்போவதைப் பற்றிய நம்பிக்கை. எப்காட்டின் நாடுகளுக்கு, நமக்குப் பழக்கமில்லாத மனிதர்களின் வாழ்க்கையை எட்டிப் பார்ப்பது. உரிப்பொருளைத் தாங்கிப் பிடிக்கிற பாத்திரம் எந்தப் படத்திலிருந்து வந்தாலும் பரவாயில்லை.

1995இல் அட்வெஞ்சர்லேண்டுக்கு வந்த இந்தியானா ஜோன்ஸ் இதற்கு நல்ல உதாரணம். படம் டிஸ்னியுடையது அல்ல, ஆள் புதியவர். ஆனால் 1930களின் தொல்லியல் சாகசக்காரர் அங்கே நுழைந்ததும், பக்கத்தில் 40 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த காட்டுப் படகுச் சவாரிக்கும் ஒரு காலம் கிடைத்தது. வந்த விருந்தாளி வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டுப் போன மாதிரி.

கதாபாத்திரங்களை வெளியே நிறுத்தி வைத்தால் போதும் என்பதும் சரியாக வரவில்லை. 2001இல் டிஸ்னிலேண்டின் பக்கத்திலேயே 'கலிஃபோர்னியா அட்வெஞ்சர்' திறந்தது. கலிஃபோர்னியாவைப் பற்றிய பூங்கா, டிஸ்னி பாத்திரங்கள் மிகக் குறைவு. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2007இல் 110 கோடி டாலர் செலவில் புதுப்பிப்பதாக அறிவித்தார்கள். 2012இல் 'கார்ஸ்' படத்தின் சிற்றூரை அப்படியே கட்டி எழுப்பிய பிறகுதான் அங்கே கூட்டம் சேர்ந்தது. முதலில் கட்டிய கலிஃபோர்னியாவில் உரிப்பொருள் என்று ஒன்று இல்லை. தபால் அட்டைப் படங்கள்தான் இருந்தன. பாத்திரம் இல்லாததாலேயே ஒரு நிலம் ஆழமாகிவிடாது.

இனி கொஞ்சம் கசப்பான பக்கம். அச்சு அசலாகப் பொருந்திய பாத்திரங்களும் உண்டு. 1955இல் ஃப்ரண்டியர்லேண்டில் 'ஆண்ட் ஜெமைமா' பான்கேக் உணவகம் திறந்தது. சிரித்த முகத்தோடு வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போடும் கறுப்பினப் பெண் என்ற வணிகச் சின்னம். அந்த வேடத்தில் ஒரு பெண் வாசலில் நின்று விருந்தினர்களை வரவேற்றார். பழைய அமெரிக்காவைக் கொண்டாடும் நிலத்தில் அவர் கனகச்சிதமாகப் பொருந்தினார். பிரச்சினையே அதுதான். அடிமை முறையின் நினைவை இனிமையான உபசரிப்பாக மாற்றிய சின்னம் ஒன்று ஒரு நிலத்தோடு உறுத்தலே இல்லாமல் பொருந்துகிறதென்றால், நாம் சந்தேகப்பட வேண்டியது அந்த நிலத்தை. அந்தப் பெயரை உணவு நிறுவனம் கைவிடுவதாக அறிவித்தது 2020இல்தான்.

ஸ்ப்ளாஷ் மௌண்டனும் அதே கதை, இன்னும் நாசூக்காக. 1989இல் வந்த அந்தச் சவாரி 'சாங் ஆஃப் த சௌத்' என்ற 1946ஆம் ஆண்டுப் படத்தின் விலங்குக் கதைகளை எடுத்துக்கொண்டது. அடிமை முறைக்குப் பின்னான தோட்ட வாழ்க்கையை இதமாகக் காட்டியதற்காக விமர்சிக்கப்பட்ட படம். அமெரிக்காவில் வீட்டில் பார்க்கும் வடிவில் டிஸ்னி அதை வெளியிட்டதே இல்லை. படத்தில் கதை சொல்லும் அங்கிள் ரீமஸ் என்ற கறுப்பின முதியவர் சவாரியில் இல்லை. ஒரு தவளை கதை சொன்னது. தார் பொம்மைக்குப் பதில் தேன் வந்தது. கரடிகளின் பெயரில் இருந்த பகுதிக்கே, சவாரிக்கு ஏற்றபடி, விலங்குகளின் நாடு என்று பெயர் மாற்றினார்கள். எல்லாம் அவ்வளவு நன்றாகப் பொருந்தியதால், இந்தக் கதைகளை முதலில் சொன்னவர்கள் அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் என்பது பலருக்குத் தெரியாமலே போயிற்று.

2023இல் அதை மூடி, 2024இல் 'டியானா' சவாரியாகத் திறந்தபோது மறுபடியும் அதே கூச்சல்: பொருந்தவில்லை. டியானா 1920களின் நியூ ஆர்லியன்ஸ் பெண், டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. கலிஃபோர்னியாவில் சிக்கல் இல்லை. 1966இலிருந்தே நியூ ஆர்லியன்ஸ் சதுக்கம் பக்கத்தில் இருக்கிறது. ஃப்ளோரிடாவில்தான் அவர் ஃப்ரண்டியர்லேண்டில் வந்து இறங்கினார். லூசியானாவோ தட்டையான பூமி. சவாரிக்கோ விழுவதற்கு ஒரு மலை வேண்டும். வடிவமைப்பாளர்கள் தேடிப் பிடித்த விடை உப்புக் குன்று. லூசியானாவில் அப்படி நிஜமாகவே உண்டு: டபாஸ்கோ சாஸ் தயாராகும் ஏவரி தீவு, அடியிலிருந்து உப்பு உந்தித் தள்ளி மேலெழுந்த மேடு. சவாரியின் கதை பலவீனமானது என்று சொல்வோர் இருக்கிறார்கள். நானும் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் ஃப்ரண்டியர் என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்கார ஆண்கள் மட்டும் என்ற பழைய எல்லைக்கோடு இவரால் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இந்தப் பொருந்தாமை நல்லது.

சரி, எல்சா? அவருக்கு நார்வேயில் உறவு இல்லாமல் இல்லை. அரெண்டெல்லின் மரக் கட்டடங்கள், பூவேலை, கடற்கழிகள் எல்லாம் நார்வேயைப் பார்த்து வரைந்தவை. மூலக்கதை டேனிஷ்காரரான ஆண்டர்சனுடையது. டென்மார்க்குக்கு எப்காட்டில் அரங்கே இல்லை, அதனால் அந்த வழக்கு எழவில்லை. பழைய மேல்ஸ்ட்ராமும் பெரிய ஞானத்தைத் தந்துவிடவில்லை. கடைசிக் குறும்படத்தில் உட்காராமலே பலர் எதிர்க்கதவு வழியாக வெளியேறிவிடுவார்கள். ஆனாலும் அந்த எண்ணெய் மேடை இருந்தது பாருங்கள், அது முக்கியம். வைக்கிங் காலத்தோடு நின்றுவிடாத, இன்றும் வேலை செய்து பிழைக்கிற ஒரு நாடு இது என்று அது சொன்னது. அரெண்டெல்லில் யாரும் எண்ணெய் எடுப்பதில்லை. அங்கே எப்போதும் ஒரே பனிக்காலம்.

இதைச் சரியாகச் செய்யும் வழி அவர்களுக்கே தெரிந்திருந்தது. 'ஃப்ரோசன்' வெளிவந்த 2013இல், அந்த மரத் தேவாலயத்துக்குள் ஒரு சிறு கண்காட்சி வைத்தார்கள்: படத்துக்குத் தூண்டுதலான நார்வேப் பண்பாடு, உடைகள், கைவேலை. எல்சாவைத் தேடி வந்த குழந்தை நார்வேயைப் பார்த்துவிட்டுப் போகும். அங்கே எல்சா வாசல். சவாரியில் அவரே சுவர்.

இப்போது பூங்காக்கள் இந்தச் சண்டையையே தாண்டி வந்துவிட்டன. 2019இல் திறந்த 'ஸ்டார் வார்ஸ்' நிலம் முழுக்க முழுக்கப் படத்துக்காகவே கட்டியது. திறந்தபோது அதன் காலவரிசை அவ்வளவு கறார்: அந்தக் கதைக்காலத்துக்குள் இறந்துபோயிருந்த டார்த் வேடர் அங்கே தலைகாட்டவே இடமில்லை. பொருத்தம் கேட்டவர்கள் திருப்தியாகலாம், ஒரு கல்கூட இடம் மாறவில்லை. ஆனால் அங்கே படத்துக்கு வெளியே பார்க்க எதுவும் கிடையாது. பொருந்தாத பாத்திரத்தைவிட, தனக்கென்று ஒன்றுமே இல்லாத நிலம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.