நிலைத்த நறுமணம் யாருடையது?

மணம் காற்றோடு போவது. பூசிய உடலை விட்டு மறுநாளே அகல்வது. அத்தகைய ஒன்று நூறாண்டு நிலைத்து நிற்குமாயின், அதன் காரணம் யாதென ஆராய்தல் அறிவுடையார் கடமையாகும். உலகச் சந்தையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய வாசனைத் திரவியங்கள் ஆரவாரத்தோடு வெளிவருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் மறைய, ஒரு சிலவே நிலைக்கின்றன. நிலைத்தவற்றைச் சீசாவின் மேல் பெயர் பொறித்தவர் ஒருவரே படைத்த அற்புதமென விளம்பரங்கள் பறைசாற்றுகின்றன. சரித்திரமோ வேறு கூறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மேனாட்டார் பூ, மரம், பிசின், கஸ்தூரி ஆகியவற்றையே நம்பியிருந்தனர். 1868-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில இரசாயனி, உலர்ந்த புல்லின் மணமுடைய கூமரின் என்னும் பொருளை ஆய்வுச்சாலையிலேயே செய்து காட்டினார். அதைக் கொண்டு 1882-இல் பாரிஸ் நகரத்து உபிகான் கம்பெனியார் 'ஃபூழேர் ருவயால்' என்னும் பரிமளத்தை வெளியிட்டனர். ஃபூழேர் என்பது பெரணிச் செடி. அச்செடிக்கென்று சொல்லத்தக்க மணம் ஏதுமில்லை! இயற்கையில் இல்லாத மணத்தை மனிதன் ஆக்கினான் என்பதே அதன் பெருமை. அச்சரக்குப் பின்னர்ப் பல்லாண்டு கடையினின்று மறைந்திருந்தது. ஆயினும் அது வகுத்த அமைப்பு மறையவில்லை. இன்றும் ஆடவர் பூசும் திரவியங்களில் ஒரு பெரும் பிரிவு அதன் பெயராலேயே வழங்குகிறது. பின்வருவோர்க்கு அளவுகோலாக அமைவதே நிலைத்த மணத்தின் இலக்கணம் என்போம்.

1921-இல் வெளிவந்த 'ஷனேல் 5' என்பதை அறியாத நகரத்தார் சிலரே. ஆனால் அதைக் கூட்டியவர் காப்ரியேல் ஷனேல் அம்மையார் அல்லர். மாஸ்கோவிற் பிறந்து, ரஷ்யப் புரட்சிக்குப் பின் பிரான்ஸ் சேர்ந்த எர்னஸ்ட் போ என்பவர். அவர் எண்ணிட்டு வைத்த மாதிரிகளுள் ஐந்தாம் எண்ணை அம்மையார் தேர்ந்தெடுத்தார். மல்லிகை, ரோஜா, நம் மலாய் நண்பர்கள் கெனாங்கா என வழங்கும் பூவின் இனத்தைச் சேர்ந்த இலாங்-இலாங் ஆகியவற்றோடு, சலவைத் துணியின் தூய்மையை நினைவூட்டும் அல்டிஹைடு என்னும் இரசாயனப் பொருள்களையும் போ தாராளமாகச் சேர்த்தார். அப்பொருள்களை முதலிற் கையாண்டவரும் அவர் அல்லர். 1912-லேயே உபிகான் கம்பெனியார் கையாண்டிருந்தனர். முந்தினோர் வழி வகுத்தனர். போ அதனை அரச பாட்டையாக்கினார்.

கணக்கேடு எழுதிப் பழகிய நமக்கு அடுத்த செய்தி வியப்பளிக்கிறது. 1924-இல் இத்திரவியத்துக்கெனக் கம்பெனி நிறுவியபோது, முதலிட்டு உற்பத்தியை ஏற்ற வெர்தைமர் சகோதரர்க்கு நூற்றுக்கு 70 பங்கு; இடையே நின்று அறிமுகம் செய்த பாதேர் என்னும் வணிகர்க்கு 20; பெயருக்குரிய அம்மையார்க்கு 10. இதனால் நெடுநாள் வழக்கு மூண்டது. வெர்தைமர் சகோதரர் யூதர். ஜெர்மானியர் பிரான்ஸைக் கைப்பற்றியதும் அவர்கள் அமெரிக்கா சென்றனர். 1941-இல் அம்மையார், யூதர் உடைமையைப் பறிக்கும் நாஜி ஆட்சியின் கொடுஞ் சட்டத்தைத் துணைக்கொண்டு கம்பெனி முழுவதையும் கேட்டார். சகோதரர் முன்னெச்சரிக்கையாக யூதரல்லாத ஒருவர் கையிற் பங்குகளை ஒப்படைத்திருந்தமையால் அம்முயற்சி பலிக்கவில்லை. இனவெறியின் துணையை நாடிய இச்செயலை மணத்தின் புகழ் மறைத்துவிடலாகாது.

ஏட்டில் ஏறாத பெயர்கள் இன்னும் உண்டு. பிரான்ஸ் தேசத்துக் கிராஸ் என்னும் ஊரில் பரிமளத்துக்கென விளைவிக்கப்பட்ட மல்லிகை, நம்மவர் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சூடும் அதே இனம். இன்று அவ்வினப் பூவின் சாரம் தமிழ்நாட்டினின்றும் எகிப்தினின்றும் உலகப் பரிமளச் சாலைகளுக்குச் செல்கிறது. ஒரு கிலோ சாரத்துக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். இருள் பிரியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் ஒவ்வொரு பூவாகக் கொய்வோர் கூலிப் பெண்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் நம் தோட்டத்துச் சகோதரிகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இரப்பர்ச் சக்கரத்தில் அவர்கள் பெயர் இல்லை. சீசாவில் இவர்கள் பெயரும் இல்லை.

இரசாயனியின் அறிவு, கூட்டுவோன் மூக்கு, வணிகன் முதல், கொய்வோள் கை ஆகிய நான்கும் கூடியே ஒரு மணம் நிலைக்கிறது. புகழை ஒருவர்க்கே உரிமையாக்குதல் விளம்பரத்தின் வேலை. பங்குடையார் எல்லோரையும் கணக்கிற் சேர்ப்பதே சரித்திரத்தின் வேலை. நாம் பின்னதையே கற்போமாக.