குணசீலத் தீர்த்தமும் காந்தச் சுருளும்

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தோடு இருந்த காலத்தில், வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் பல குடும்பங்கள் குணசீலத்துக்குத்தான் வண்டி கட்டின. முசிறி சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது அந்தப் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். ஒரு மண்டலம், 48 நாள், அங்கேயே தங்க வேண்டும். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் பளீரென்று தீர்த்தம் தெளிப்பார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமில்லை. தமிழ்நாட்டில் அரசின் தனி மனநல மருத்துவமனை என்று இருந்தது சென்னை கீழ்ப்பாக்கத்தில் மட்டுமே. கோயிலோ யாரையும் விரட்டவில்லை. ஆனால் நம்பிக்கையைச் சுற்றி முளைத்த காப்பகங்கள் எல்லாம் அப்படி இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் அப்படியொரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள்.

கலங்கிய மனத்துக்குள் என்னதான் நடக்கிறது? அதை வெளியிலிருந்தே ஆராய ஒரு வழி இருக்கிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, நொடிப்பொழுது காந்தப்புலத்தைச் செலுத்தினார்கள். கத்தியும் இல்லை, வலியும் அதிகமில்லை, கைத்தசை துள்ளியது. 1993இல் லண்டன் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். முதலில் மெல்லிய காந்தத் துடிப்பு ஒன்று, சில மில்லிவினாடிக்குள் பலமான துடிப்பு ஒன்று. பலமான துடிப்பைத் தனியாகக் கொடுத்தால் நன்றாகத் துள்ளும் தசை, இப்படி இரட்டையாகக் கொடுத்தால் அடங்கித் துடித்தது. காரணம், மூளைக்குள் ஒரு பிரேக் இருக்கிறது. காபா என்ற வேதிப்பொருள் அதை இயக்குகிறது. தசை எவ்வளவு அடங்குகிறதோ, அதுவே பிரேக்கின் வலுவுக்கு அளவு.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதே முறையை மனச்சிதைவு நோயாளிகளிடம் பயன்படுத்தினார்கள். 2014இல் வெளியான அவர்களது ஆய்வு, மருந்தே தொடங்காத நோயாளிகளிடம் இந்தப் பிரேக்கின் வலு குறைந்திருப்பதையும், பிறர் உணர்ச்சியைப் புரிந்துகொள்வதில் அவர்கள் படும் சிரமத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதையும் காட்டியது. 'அவனுக்கு யார்மேலும் பாசமில்லை' என்று வீட்டார் புலம்புவதற்குப் பின்னால் மூளையின் இயக்கமும் இருக்கக்கூடும். அந்தக் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எது?

குணசீலத்திலேயே இன்று உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் நடக்கிறது. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.