மெதுவாகப் போகும் சாலை

சாலைகளுக்கும் ஜாதகம் உண்டு என்பது என் நம்பிக்கை. இன்ன காரியத்துக்காகப் பிறந்தது, இன்னாரால் வளர்ந்தது, இன்ன வயதில் கண்டம் வந்தது என்று ஒவ்வொரு சாலைக்கும் கணித்துவிடலாம். சந்தைக்குப் போவதற்காகப் பிறந்த சாலைகள் உண்டு. படை நடத்துவதற்காகப் பிறந்தவையும் உண்டு. கண்ணால் பார்த்து மகிழ்வதற்காகவே பிறந்த சாலை அபூர்வம். அமெரிக்காவின் மேற்கே, ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா நதியின் தென்கரையில் அப்படி ஒன்று இருக்கிறது.

அந்த நதி காஸ்கேட் மலைத் தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பசிபிக் கடலை நோக்கிப் போகிறது. அறுபட்ட இடத்தில் கரும்பாறைகள் சுவர் எழுப்பினாற்போல் நிற்கின்றன. மலைமேல் உள்ள ஓடைகளுக்கு இறங்கி வர வழி கிடையாது, விழத்தான் வேண்டும். அதனால்தான் அந்தக் கரையில் சில மைல் தூரத்துக்குள் அத்தனை அருவிகள்.

அங்கே மோட்டார் சாலை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர் சாம் ஹில் என்ற வக்கீல். இவர் ஜேம்ஸ் ஹில் என்ற பெரிய ரயில்வே அதிபரின் மருமகன். மாமனார் நாடெங்கும் தண்டவாளம் போட்டார். மருமகனோ தண்டவாளம் இல்லாத பாதைக்காகத் தொண்டை வற்றக் கத்தினார். 1908-ல் பாரிஸில் நடந்த உலகச் சாலை மகாநாட்டுக்குப் போனபோது சாமுவேல் லங்காஸ்டர் என்ற இஞ்சினீயரையும் அழைத்துப் போனார். இளம் வயதில் பக்கவாதம் போன்ற நோயில் விழுந்து, படுக்கையிலிருந்து மீண்டு வந்த மனிதர் இந்த லங்காஸ்டர். ரைன் நதிக் கரையையும் ஸ்விட்ஜர்லாந்தின் மலைப் பாதைகளையும் பார்த்துவிட்டு இருவரும் ஒரே கனவோடு திரும்பினார்கள்.

வாஷிங்டன் மாநிலம் நதியின் வடகரையில் சாலை போட மறுத்துவிட்டது. சாம் ஹில் சோரவில்லை. தம் செலவில், தம் நிலத்தில், மாதிரிக்குச் சில மைல் சாலை போட்டார். 1913-ல் ஆரிகன் சட்டசபை அங்கத்தினர்களை அழைத்து வந்து அதைக் காட்டினார். அதே வருஷம் தென்கரையில் வேலை ஆரம்பமாயிற்று.

லங்காஸ்டர் சாலை போட்ட விதந்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு ஊருக்கு நடுவே கிட்டத்து வழி எது என்று அவர் தேடவில்லை. அழகான இடங்கள் எவை என்று முதலில் நடந்து பார்த்தார். பிறகு அவற்றை யெல்லாம் தொட்டுச் செல்லும்படி கோடு போட்டார். நூறு அடிக்கு ஐந்து அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்று நியமம் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து மோட்டார்கள் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் அல்லவா? மலையோரச் சுவர்களை இத்தாலியக் கல் தச்சர்கள் கட்டினார்கள். மிட்சல் பாயிண்ட் என்ற இடத்தில் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்தபோது, நதியைப் பார்க்க ஐந்து ஜன்னல்களும் வைத்தார்கள்.

நிலத்தை யார் கொடுத்தார்கள் என்பதும் ருசியான கதை. நார்வேயிலிருந்து பிழைக்க வந்து மரவியாபாரத்தில் செல்வந்தரான சைமன் பென்சன், 620 அடி உயரமுள்ள மல்ட்னோமா அருவியை நிலத்தோடு பொதுமக்களுக்கு எழுதிக் கொடுத்தார். அருவியின் நடுவே நின்று பார்க்க 1914-ல் ஒரு பாலமும் கட்டித் தந்தார். ஜார்ஜ் ஷெப்பர்டு என்ற பால் பண்ணைக்காரர் பென்சனைப் போலப் பணக்காரர் அல்ல. ஆயினும் இறந்துபோன மனைவியின் நினைவாகச் சுமார் 11 ஏக்கரைக் கொடுத்துவிட்டார். அந்த இடத்திலும் ஓர் அருவி இருக்கிறது. பென்சனின் தானம் பெரிது; ஷெப்பர்டின் தானம் கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

1916-ல் சாலைக்குத் திறப்பு விழா நடந்தது. அதே வருஷம் ஈகிள் கிரீக் என்ற ஓடைக் கரையில் அமெரிக்க வனத் துறை தன் முதல் நவீன முகாமிடத்தை அமைத்தது. குடும்பத்தோடு வந்து கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, அருவி வரை நடந்து வரலாம். 1918-ல் கிரௌன் பாயிண்ட் என்ற உச்சியில், நதிக்கு 733 அடி உயரத்தில், எண்கோண மண்டபம் ஒன்று எழுந்தது. செலவு லட்சம் டாலரை எட்டியது. வழிப்போக்கர் கழிவறைக்கு இவ்வளவு பணமா என்று ஊரார் பரிகாசம் செய்தார்கள்.

பிறகு கண்டம் வந்தது. மோட்டார்களின் வேகம் கூடிற்று. வளைவுகளைச் சுற்ற யாருக்கும் பொறுமை இல்லை. நதிக்கரையோரமாக நேர்ச் சாலை ஒன்று வந்தது. பழைய சாலை துண்டு துண்டாயிற்று. ஐந்து ஜன்னல் சுரங்கத்தை 1953-ல் மூடி, 1966-ல் இடித்தே விட்டார்கள்.

இதே வேக யுகத்தில் இன்னொன்றும் போயிற்று. தி டால்ஸ் என்ற ஊருக்குச் சில மைல் கிழக்கே, கொலம்பியா நதியே ஓர் அருவியாக விழுந்தது. அதன் பெயர் சீலைலோ. உயரம் அதிகமில்லை; ஆகவே உல்லாசப் பிரயாணிகளின் ஜாபிதாவில் மல்ட்னோமாவுக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் நதி ஏறி வரும் சால்மன் மீன்களை, பலகைத் தட்டுகளில் நின்றபடி நீண்ட காம்பு வலைகளால் பழங்குடி மக்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பிடித்து வந்த இடம் அது. யாக்கமா, உமாட்டில்லா, நெஸ் பெர்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் மக்களோடு 1855-ல் அரசாங்கம் செய்துகொண்ட உடன்படிக்கைகள், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுடையதே என்று ஒப்புக்கொண்டிருந்தன. 1957 மார்ச் 10-ந் தேதி தி டால்ஸ் அணையின் கதவுகளை அடைத்தார்கள். சில மணி நேரத்தில் சீலைலோ நீருக்குள் மறைந்தது. கரையில் நின்று பார்த்த முதியவர்கள் அழுதார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனம் சங்கடப்படுகிறது. ஒரு செல்வர் எழுதிக் கொடுத்த அருவி இன்றும் பொதுச் சொத்தாக விழுந்துகொண்டிருக்கிறது. ஓர் அரசாங்கமே கையெழுத்திட்டும் மற்றோர் அருவியைக் காப்பாற்ற முடியவில்லை. பார்த்து மகிழ்கிறவனுக்குப் பரிந்து பேச ஆள் இருந்தது; பிடித்து உண்கிறவனுக்கு இருந்த குரல் போதவில்லை. மின்சாரமும் படகுப் போக்குவரத்தும் தேவை அல்லவா என்று கேட்பீர்கள். தேவைதான். அந்தத் தேவைக்கு யாருடைய சோற்றுப் பானை கவிழ்ந்தது என்றும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இப்போது பழைய சாலையை மீட்டு வருகிறார்கள். 1986-ல் அந்தப் பள்ளத்தாக்கைக் காக்கச் சட்டம் வந்தது. அறுந்த துண்டுகளை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பாதையாக இணைக்கிறார்கள். மிட்சல் பாயிண்டில் 2025-ல் புதிய சுரங்கம் திறந்தாயிற்று. அதற்கும் ஐந்து ஜன்னல்கள்! இடையில் 2017-ல் ஒரு சிறுவன் கொளுத்திப் போட்ட பட்டாசால் ஈகிள் கிரீக் காடு பற்றி, சுமார் 50,000 ஏக்கர் எரிந்தது. மல்ட்னோமா அருவியின் அடியில் 1925-ல் கட்டிய விடுதியைத் தீயணைப்புப் படையினர் போராடிக் காத்தார்கள்.

சுரங்கத்தை மறுபடி குடையலாம். காடு மறுபடி முளைக்கும். சீலைலோவுக்கு அது வாய்க்கவில்லை. 2008-ல் ஒலி அலைகளை அனுப்பி ஏரியின் அடியை ஆராய்ந்தபோது, அருவியின் பாறைகள் இருந்தபடியே இருப்பது தெரிந்தது. மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. கரையில் சீலைலோ கிராமம் இன்றும் இருக்கிறது. வருஷந்தோறும் வசந்தத்தில் முதல் சால்மன் மீனுக்கு நன்றி சொல்லி விருந்து வைக்கிறார்கள். அருவிகளைப் பார்க்கப் போகிறவர்கள் மல்ட்னோமாவோடு திரும்பிவிடாமல், எதுவும் விழாத அந்த இடத்திலும் சிறிது நேரம் வண்டியை நிறுத்தினால் நல்லது.