1978இல் நாய்களுக்கு வந்த புதுநோய்

நாய்க்குட்டி வாங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "ஒரு தடுப்பூசி போட்டாயிற்று, பிறகேன் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்?" இதற்கான பதில் ஒரு பழைய கதையில் இருக்கிறது.

இன்று பார்வோ என்று நாம் சொல்லும் நோயை 1978க்கு முன்னர் மிருக வைத்தியர்கள் அறிந்திருக்கவில்லை. அந்த ஆண்டில் அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்று பல இடங்களிலும் நாய்கள் வாந்தியாலும் இரத்தக் கழிச்சலாலும் விழத் தொடங்கின. இரண்டே ஆண்டுகளில் நோய் உலகைச் சுற்றி வந்துவிட்டது. புதிய கிருமி என்பதால் எந்த நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. சில குட்டிகள் இதயத் தசை பாதிக்கப்பட்டுத் திடீரென இறந்தன.

ஆராய்ந்தபோது, பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவு இது என்று தெரிந்தது. மரபணுவில் நேர்ந்த சில சிறு மாற்றங்களே அதற்கு நாயின் உடலைத் திறந்துவிட்டன. அதனால் முதலில் பூனைத் தடுப்பூசியையே நாய்களுக்குப் போட்டுச் சமாளித்தார்கள். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல், மாக்ஸ் அப்பெல் ஆகியோர் நாய்களுக்கென்றே தடுப்பூசியை உருவாக்கினார்கள்.

இனிக் கேள்விக்கு வருவோம். தாய்ப்பால் வழியே குட்டிக்குக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி, தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவே 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை, குறைந்தது 16 வாரம் வரை போடுகிறார்கள். இடையில் ஒன்றைத் தவறவிட்டால் குட்டி பாதுகாப்பின்றி நிற்கக்கூடும்.

இந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே ஊசிகள் முடியும்வரை பிற நாய்கள் திரியும் பூங்காக்களுக்குக் குட்டியைக் கொண்டுபோக வேண்டாம். சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, சோர்ந்து படுத்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். உரிய சிகிச்சை பெற்ற குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. நாயின் பார்வோ மனிதருக்குத் தொற்றாது.

கணக்கு எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தடுப்பூசிக்கான செலவு சிறியது. மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்தால் அதைப்போலப் பல மடங்கு. குட்டியின் உயிரோ எந்தக் கணக்கிலும் அடங்காது.